சீன எழுத்து அழகா வரலையா? கைக்கு முன்னாடி கண்ணைப் பழக்குங்க

மாண்டரின் (சீனாவோட பொது மொழி) கத்துக்கிறவங்க மத்தியில கையெழுத்துன்னு பேச்செடுத்தா சுத்திச் சுத்தி மூணு அறிவுரைதான் வரும். "இப்பெல்லாம் யாரு கையால எழுதுறாங்க, போன்ல பின்யின் தட்டினா எழுத்து தானா வந்துடுது"ன்னு ஒருத்தர் சொல்வார். "ஒவ்வொரு எழுத்தையும் நூறு தடவை எழுது, தானா அழகாயிடும்"னு இன்னொருத்தர். "பிரஷ் வாங்கிட்டுப் போய் காலிகிராஃபி கிளாஸ்ல சேரு"ன்னு மூணாவது ஆள். (பின்யின்னா சீன உச்சரிப்பை ரோமன் எழுத்துல எழுதுற முறை, சீன அரசு 1958ல ஏத்துக்கிட்டது.) மூணுமே நல்ல எண்ணத்துல சொல்றதுதான், ஆனா இதை நம்பி வருஷக்கணக்கா நோட்டு நோட்டா நிரப்பியும் எழுத்து கோணலாவே இருக்கிறவங்க நிறைய பேர், பாவம் அவங்க "நமக்குக் கை சரியில்ல"ன்னு முடிவு பண்ணி விட்டுடறாங்க.

பெரும்பாலும் கையில பிரச்சனையே கிடையாது. எந்தக் கோடு நீளம், எது குட்டை, எங்க இடைவெளி, எது எதுக்குக் கீழ உக்காருதுன்னு கண்ணு இன்னும் கவனிக்கப் பழகல, அவ்வளவுதான். கண்ணு பார்க்காததைக் கை எழுதாது. இதை அடியில இருந்து பார்ப்போம், சீன மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாதவங்களும் புரிஞ்சுக்கலாம்.

மூணு விஷயத்தை ஒண்ணா குழப்பிக்கிறோம்

"கையெழுத்து"ன்னு சொல்லும்போது மூணு தனித்தனி விஷயம் கலந்துடுது. எழுத்தை ஞாபகத்துல இருந்து எழுத முடியுதாங்கிறது முதல் விஷயம். எழுதினதை இன்னொருத்தர் சிரமமில்லாம படிக்க முடியுதாங்கிறது ரெண்டாவது. மூணாவது காலிகிராஃபி, அதாவது பிரஷ்ஷும் மையும் வச்சுப் பண்ற கலை.

மூணாவதை இப்போதைக்கு ஓரமா வச்சுடலாம். அது பெரிய கலை, ஆனா பிரஷ்ஷோட நுனியை அழுத்தித் தூக்கிக் கோட்டுல தடிமன் கொண்டுவரதுதான் அதுல பாதி வேலை, 0.5 ஜெல் பேனாவுல அந்தத் தடிமன் வரவே வராது. மொழி படிக்கிறவருக்கு வேணும்கிறது ரெண்டாவது விஷயம். முதல் விஷயமான ஞாபகத்துக்கும் இதுக்கும் உறவு இருக்குது, ஆனா ரெண்டுக்கும் ஒரே பயிற்சி கிடையாது, அதைப் பின்னாடி சொல்றேன்.

"எழுதவே தேவையில்ல"ங்கிற வாதத்துல கொஞ்சம் நியாயம் இருக்குதுன்னு ஒத்துக்கணும். எச்எஸ்கே (சீன மொழித் தகுதித் தேர்வு) கம்ப்யூட்டர்ல எழுதினா விடையை டைப்தான் பண்றீங்க. ஆனாலும் என் கருத்து என்னன்னா, கையால எழுதிப் பழகாதவங்களுக்கு ஒரே மாதிரி இருக்கிற எழுத்துகள் ரொம்ப நாள் கண்ணுல குழம்பிக்கிட்டே இருக்கும், ஏன்னா டைப் பண்ணும்போது எழுத்தோட மொத்த உருவம் மட்டும் தெரிஞ்சாப் போதும், உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேண்டிய அவசியமே வராது. எழுதும்போதுதான் ஒவ்வொரு கோடா பார்த்தே ஆகணும்.

ஸ்ட்ரோக்: பேனா தொட்டதுல இருந்து எடுக்குற வரைக்கும்

பேனா பேப்பரைத் தொட்டு, நகர்ந்து, திரும்பத் தூக்குற வரைக்கும் வர்ற கோடு ஒரு ஸ்ட்ரோக். நடுவுல திரும்பலாம், மடங்கலாம், கடைசியில கொக்கி போடலாம், பேனாவைத் தூக்காத வரைக்கும் ஒண்ணுதான்.

தமிழ்ல எழுதிப் பழகின கைக்கு இது முதல்ல முரண்டு பிடிக்கும். நம்ம எழுத்துல பேனா சுழிச்சுக்கிட்டே போகுது, "ண"வை எழுதிப் பாருங்க, மூணு சுழியும் போட்டு கையெடுக்காமலே முடிச்சுடலாம். அகலமும் எழுத்துக்கு எழுத்து மாறும், "ர" ஒல்லியா நிக்கும், "ணை" பரந்து உக்காரும். சீனத்துல ரெண்டுமே தலைகீழ். ஒரு ஸ்ட்ரோக் எழுத்தா இருந்தாலும் இருபது ஸ்ட்ரோக் எழுத்தா இருந்தாலும் ஒரே அளவு சதுரக் கட்டத்துக்குள்ள அடங்கணும், வளைவு குறைவு, மூலைகள் நிறைய, பேனாவைத் தூக்கித் தூக்கி வைக்கணும்.

"வாய்"ங்கிற எழுத்தை எடுத்துக்கலாம், பார்க்க ஒரு பெட்டி மாதிரி இருக்கும். புதுசா எழுதுறவங்க ஒண்ணு நாலு கோடு போடுவாங்க, இல்ல ஒரே இழுப்புல வட்டமும் சதுரமுமா ஒண்ணைச் சுத்திடுவாங்க. உண்மையில அது மூணு ஸ்ட்ரோக். முதல்ல இடது பக்கச் செங்குத்துக் கோடு. அப்புறம் மேல இடமிருந்து வலமாப் போய், மூலையில ஒரு நொடி நின்னு, கீழ மடங்கி இறங்குற ஒரே ஸ்ட்ரோக். கடைசியா அடியில மூடுற கோடு. அந்த மூலையில நிக்கிறது முக்கியம், நிக்காம வளைச்சா மூலை உருண்டுடும், நம்ம ஊர்க் கை எழுதின சீன எழுத்தை இந்த உருண்ட மூலையை வச்சே பல தடவை கண்டுபிடிச்சுடலாம். இன்னொரு நுணுக்கம், அந்தப் பெட்டி சரியான சதுரம் கிடையாது, மேல கொஞ்சம் அகலமா, கீழ கொஞ்சம் ஒடுங்கி இருக்கும்.

அடிப்படை ஸ்ட்ரோக்குகள் கொஞ்சம்தான். கிடைக்கோடு (ஹெங்), செங்குத்துக் கோடு (ஷூ), மேலிருந்து இடது கீழ இறங்குற இடது சாய்வு (பியெ), வலது கீழ இறங்குற வலது சாய்வு (நா), புள்ளி, இடது கீழ இருந்து வலது மேல தூக்குற ஏறுகோடு, அப்புறம் மடிப்பும் கொக்கியும். மத்ததெல்லாம் இதுங்களோட சேர்க்கை. ஒவ்வொண்ணும் எப்படி முடியுதுங்கிறதை மட்டும் கவனிச்சா போதும்: கிடைக்கோடு முடிவுல நின்னு முடியும், இடது சாய்வு நிக்காம மெலிஞ்சு விசிறிப் போகும், வலது சாய்வு கீழ போய்க் கால் ஊன்றி அப்புறம் வெளிய நழுவும். எல்லாத்தையும் ஒரே மாதிரி வெட்டி முடிச்சா எழுத்துல உயிர் இருக்காது.

வரிசை எதுக்கு?

ஸ்ட்ரோக் வரிசைன்னா எந்தக் கோட்டை முதல்ல போடணும், எதைக் கடைசியில போடணும்கிற ஒழுங்கு. "கடைசியில உருவம் ஒண்ணுதானே, எந்த வரிசையில போட்டா என்ன"ன்னு நிறைய பேர் கேக்குறாங்க, நியாயமான கேள்விதான். இதுக்கு "பாரம்பரியம்"னு பதில் சொல்லி வாயடைக்கிறதுதான் எனக்குப் பிடிக்கிறதில்ல, ஏன்னா காரணம் நிஜமாவே இருக்குது.

பொது விதிகள் சுலபம். மேல இருந்து கீழ, இடமிருந்து வலம், கிடைக்கோடும் செங்குத்தும் வெட்டிக்கிட்டா கிடைக்கோடு முதல்ல ("பத்து" பார்க்க கூட்டல் குறி மாதிரி இருக்கும், படுத்த கோடு போட்டுட்டு நின்ன கோடு), இடது சாய்வுக்கு அப்புறம் வலது சாய்வு ("மனுஷன்"ங்கிற எழுத்து இந்த ரெண்டு காலாலதான் ஆனது).

அடுத்த ரெண்டு விதியிலதான் காரணம் வெளிப்படும். "சின்ன"ங்கிற எழுத்துல நடுவுல ஒரு செங்குத்து, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி மாதிரி இருக்கும், இதுல நடுக்கோடு முதல்ல வரும். அதைப் போட்ட உடனே எழுத்தோட அச்சு நிலைச்சுடுது, அப்புறம் ரெண்டு பக்கமும் சமமா வைக்கிறது சுலபம். இடமிருந்து வலம்னு போயிருந்தா முதல் புள்ளியை எங்க வைக்கிறதுன்னு கைக்குத் துப்பே இருக்காது. அதே மாதிரி "நாடு"ங்கிற எழுத்து, எளிமையாக்கின வடிவத்துல (அதாவது ஸ்ட்ரோக்கைக் குறைச்சு சீனா கொண்டுவந்த வடிவத்துல), ஒரு பெட்டிக்குள்ள "ஜேட்"ங்கிற (பச்சை ரத்தினக் கல்) இன்னொரு எழுத்து உக்காந்திருக்கும். பெட்டியோட இடதும் மேலும் வலதும் போட்டுட்டு, உள்ள இருக்கிறதை எழுதிட்டு, அடிக்கோட்டை கடைசியாப் போட்டு மூடணும். ஏன்னா உள்ள இருக்கிறது எவ்வளவு இடம் எடுத்துச்சுன்னு பார்த்துட்டு மூடலாம். முதல்லயே மூடிட்டா உள்ள திணிக்கணும், இல்லைன்னா தொங்கும்.

அதாவது வரிசைங்கிறது இடத்தைப் பங்கு போடுற முறை. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் அடுத்தது எங்க வரணும்னு சொல்லிட்டுப் போகுது. வேகமா எழுதும்போது பேனா எந்த வழியாப் போகும்கிறதும் இதுலதான் தீர்மானமாகுது, அது கடைசிப் பகுதியில திரும்ப வரும்.

நாட்டுக்கு நாடு சில எழுத்துகள்ல வரிசை மாறும்கிறதையும் சொல்லிடணும். "அரசன்"ங்கிற எழுத்துல மூணு கிடைக்கோடு, நடுவுல ஒரு செங்குத்து. சீனாவுல ரெண்டு கிடைக்கோடு போட்டுட்டு செங்குத்து, அப்புறம் அடிக்கோடு. ஜப்பான்ல முதல் கிடைக்கோட்டுக்கு அப்புறமே செங்குத்து வந்துடும். எது சரின்னு சண்டை போட வேண்டாம், நீங்க படிக்கிறது மாண்டரின்னா சீன வரிசை, எந்த ஆப்ல பார்க்கிறீங்களோ அது எந்த நாட்டு முறைன்னு மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.

இதுவரைக்கும் வந்தது இவ்வளவுதான்: சீன எழுத்து சில வகை ஸ்ட்ரோக்குகளால ஆனது, மூலையில நிக்கணும், முடிவுகள் வேற வேற, வரிசை இடத்தைச் சரியாப் பிரிக்க உதவுது.

அழகு எங்க ஒளிஞ்சிருக்கு: நீளமும் இடைவெளியும்

இதுதான் மொத்தக் கட்டுரையோட நடு. ஸ்ட்ரோக் ஒவ்வொண்ணும் சுமாரா இருந்தாலும், நீளமும் இடைவெளியும் சரியா இருந்தா எழுத்து பார்க்க நல்லாவே இருக்கும். ஸ்ட்ரோக் ஒவ்வொண்ணும் அச்சு மாதிரி அழகா இருந்து, நீளமும் இடைவெளியும் தப்பா இருந்தா எழுத்து விகாரமாத்தான் இருக்கும். இதைச் சீனத்துல ஜியெகோ, அதாவது அமைப்புன்னு சொல்வாங்க.

"மூணு"ங்கிற எழுத்து மூணு கிடைக்கோடு மட்டும்தான். இதுல என்ன தப்பு பண்ணிட முடியும்னு தோணும். ஆரம்பத்துல எல்லாரும் மூணையும் ஒரே நீளத்துல போடுவாங்க. உண்மையில நடுக்கோடுதான் எல்லாத்தையும் விடக் குட்டை, மேல் கோடு அதைவிடக் கொஞ்சம் நீளம், அடிக்கோடு எல்லாத்தையும் விட நல்ல நீளம். மூணுக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு இடைவெளியும் சமம். எழுதிப் பாருங்க, ஒரே நீளத்துல போட்டது கம்பி வேலி மாதிரி நிக்கும், இப்படிப் போட்டது எழுத்தா நிக்கும்.

இதுல மூணு கொள்கை அடங்கியிருக்கு. முதலாவது, ஒரு எழுத்துல ஒரு ஸ்ட்ரோக்தான் தலைமை ஸ்ட்ரோக், அது மட்டும் நீண்டு விரியும், மத்ததெல்லாம் அடக்கி வாசிக்கும். "மூணு"ல அடிக்கோடு. "நான்"ங்கிற எழுத்துல வலது பக்கம் சாய்ஞ்சு நீளமா இறங்கிக் கடைசியில மேல கொக்கி போடுற ஸ்ட்ரோக், அதைக் குட்டையா நேரா நிமிர்த்தி எழுதிட்டா மொத்த எழுத்தும் குறுகிப்போகும், "நான்" எழுதத் திணறுறவங்கள்ல நிறைய பேருக்கு இந்த ஒரு இடம்தான் கோளாறு. ரெண்டாவது, ஒரே திசையில போற ஸ்ட்ரோக்குகளுக்கு நடுவுல இடைவெளி சமமா இருக்கணும், ஸ்ட்ரோக் அதிகமா இருக்கிற எழுத்துல இது ஒண்ணு சரியா இருந்தாலே பாதி குழப்பம் தீர்ந்துடும். மூணாவது, கிடைக்கோடு தரைமட்டமா இருக்காது, இடமிருந்து வலம் போகப் போக லேசா மேல ஏறும். லேசாத்தான், ஏணி மாதிரி ஏத்திட வேண்டாம். ஒரு எழுத்துல எல்லாக் கிடைக்கோடும் ஒரே அளவு ஏறணும், ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா எழுத்து ஆடும்.

நீளம் அழகுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க, அர்த்தமே மாறும் இடங்கள் இருக்கு. "மண்"ணும் "படிச்சவர்"ங்கிற பழைய எழுத்தும் ஒரே ஸ்ட்ரோக்குகள்தான், ரெண்டு கிடைக்கோடு, ஒரு செங்குத்து. அடிக்கோடு நீளமா இருந்தா மண், மேல்கோடு நீளமா இருந்தா படிச்சவர். அதே மாதிரி "இன்னும் இல்ல"ங்கிறதும் "முடிவு"ங்கிறதும், ரெண்டுமே மரம் மாதிரி உருவத்துக்கு மேல கூடுதலா ஒரு கிடைக்கோடு, மேல்கோடு குட்டையா இருந்தா "இன்னும் இல்ல", நீளமா இருந்தா "முடிவு". இதை நூறு தடவை கண்ணை மூடிக்கிட்டு எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பக்கத்துல ஆள் வந்து உக்காந்தா

பெரும்பாலான சீன எழுத்துகள் ரெண்டு மூணு சின்ன உறுப்புகளைச் சேர்த்துக் கட்டினதுதான். உறுப்புன்னா, தனியாவும் நிக்கக்கூடிய, மத்த எழுத்துகளுக்குள்ளயும் திரும்பத் திரும்ப வர்ற துண்டு. "மண்", "மரம்", "பெண்", "வாய்" எல்லாம் இப்படித்தான். சரி, தனியா "மரம்" எழுதத் தெரியும், அதையே ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல எழுதினா "காடு" ஆகிடும்னு நினைச்சு எழுதினா, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்குது. ஏன்?

டவுன்பஸ்ல ரெண்டு பேர் சீட்டுல ஒருத்தர் தனியா உக்காந்தா காலை அகட்டி, கையை விரிச்சு, பையைப் பக்கத்துல வச்சு சொகுசா உக்காருவார். அடுத்த ஸ்டாப்ல இன்னொருத்தர் ஏறி வந்து உக்காந்தா முதல் ஆள் என்ன பண்ணுவார், ஜன்னல் பக்கமா ஒடுங்கி, வந்தவர் பக்கம் இருக்கிற கையையும் காலையும் மட்டும் மடக்கிக்குவார், ஜன்னல் பக்கக் கை அப்படியே இருக்கும். சீன எழுத்துக்குள்ள நடக்கிறதும் அச்சு அசல் இதேதான்.

தனி "மரம்" எழுத்துல ஒரு கிடைக்கோடு, ஒரு செங்குத்து, ரெண்டு பக்கமும் விரிஞ்ச ரெண்டு சாய்வு. "காடு"ல இடது பக்க மரம் ஒடுங்கும், வலது பக்கமா விரியுற சாய்வு மடங்கி ஒரு புள்ளியாச் சுருங்கிடும். வலது பக்க மரம் தாராளமா விரிஞ்சுக்கும். "மனுஷன்" ரெண்டு தடவை வந்தா "பின்தொடர்"னு ஒரு எழுத்து, அதுலயும் இடது மனுஷனோட வலது கால் புள்ளியாகிடும். "மண்" தனியா இருக்கும்போது அடிக்கோடு நீளமாப் படுத்திருக்கும், "நிலம்"ங்கிற எழுத்துல இடது பக்கம் உறுப்பா வரும்போது அந்த அடிக்கோடு வலது மேல தூக்குற ஏறுகோடா மாறிடும். "நல்ல"ங்கிற எழுத்து "பெண்"ணும் "குழந்தை"யும் சேர்ந்தது, அதுல இடது பக்க "பெண்"ணோட குறுக்குக் கோடும் வலது பக்கம் நீட்டாம ஏறுகோடா அடங்கிடும்.

இதுல இன்னொரு காரணமும் இருக்குது. ஏறுகோடு முடியுற இடத்துல பேனா வலது மேல போய் நிக்குது, அடுத்த உறுப்போட முதல் ஸ்ட்ரோக் ஆரம்பிக்கிறது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதனால இடத்தையும் மிச்சப்படுத்துது, கையையும் அடுத்த இடத்துக்குக் கொண்டு போய் விடுது.

இடது வலது மட்டும் கிடையாது, மேல கீழ அடுக்கினாலும் இதே கதைதான். "நெருப்பு" மேல "நெருப்பு" வச்சா "அனல்" மாதிரி ஒரு எழுத்து, மேல் நெருப்போட வலது சாய்வு புள்ளியாகிடும், கீழ் நெருப்பு மட்டும் கால் விரிக்கும். "இது"ங்கிற எழுத்துல "நடை"ங்கிற உறுப்பு இடதுல இறங்கிக் கீழ நீளமா வலது பக்கம் ஓடி மேல இருக்கிறதைத் தாங்கும், அந்த ஓட்டம்தான் தலைமை ஸ்ட்ரோக், அதனால உள்ள இருக்கிற உறுப்போட வலது சாய்வு புள்ளியா அடங்கிடும். (இந்த "நடை" உறுப்பை உள்ள இருக்கிறதை எழுதின பிறகுதான் எழுதணும், இடமிருந்து வலம் விதிக்கு இது விலக்கு.)

சுருக்கமா: உறுப்பு தனியா இருக்கும்போது ஒரு உருவம், சேரும்போது வேற உருவம். தனி எழுத்தைச் சின்னதாக்கி ஒட்டினா எழுத்து வராது.

எதைப் பார்த்து எழுதுறீங்க?

இந்த விஷயத்தை யாரும் சரியாச் சொல்றதில்ல, எனக்கு இதுல கொஞ்சம் ஆதங்கமே உண்டு. பாடப் புத்தகத்துலயும் போன்லயும் வர்ற அச்சு எழுத்தைப் பார்த்துதான் பலரும் பழகுறாங்க, அது கையால எழுதுறதுக்கு உண்டான மாதிரியே கிடையாது.

புத்தகங்கள்ல வர்றது பெரும்பாலும் சோங்தி. கிடைக்கோடு மெலிசு, செங்குத்துக் கோடு தடிமன், கிடைக்கோட்டோட வலது நுனியில ஒரு சின்ன முக்கோணம், இதெல்லாம் மரப்பலகையில செதுக்கி அச்சடிச்ச காலத்துல உருவான வடிவம். அதுல கிடைக்கோடு தரைமட்டமா இருக்கும், அந்த லேசான ஏற்றம் காணாமப் போயிடும். இதைப் பார்த்துப் பழகினவங்க மட்டமான கோடு போட்டு, சிலர் அந்த முக்கோணத்தைக்கூட பேனாவால வரையுறாங்க. போன்ல வர்றது ஹெய்தி, எல்லா ஸ்ட்ரோக்கும் ஒரே தடிமன், முடிவுகள் எல்லாம் வெட்டிவிட்ட மாதிரி, எது நின்னு முடியுது எது விசிறுதுன்னு அதுல தெரியவே தெரியாது.

நீங்க பார்க்க வேண்டியது காய்ஷூ. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கையும் தனித்தனியா நிதானமா எழுதுற திருத்தமான கையெழுத்து முறை அது, தாங் வம்சக் காலத்துல முழுமையா முதிர்ந்தது. அந்தக் காலத்து ஓயாங் ஷுன் (557–641) எழுதின கல்வெட்டு எழுத்தை இன்னைக்கும் அமைப்புக்கு இலக்கணமா வச்சுப் படிக்கிறாங்க. இதை ஒட்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபான்ட்டுக்குப் பேரு காய்தி, அதுல அச்செடுத்தாலே போதும். அதைவிட நல்லது, பேனாவால மனுஷன் எழுதின காப்பி புத்தகம், சீனத்துல ஸிதியெ. 1950ல பிறந்த தியன் யிங்ஜாங்னு ஒருத்தர் ஓயாங் ஷுன் வழியில எழுதுறவர், அவரோட பேனா எழுத்து மாதிரிகள் சீனாவுல ரொம்பப் பரவலாப் புழங்குது, ஆரம்பக்காரங்களுக்குத் தாராளமாச் சொல்லலாம்.

இன்னொரு கண்ணி. சீன, ஜப்பானிய எழுத்துகள் கம்ப்யூட்டர்ல பல இடத்துல ஒரே குறியீட்டைப் பகிர்ந்துக்குது, அதனால உங்க போன் ஜப்பானிய ஃபான்ட்டுல காட்டினா "எலும்பு", "நேர்" மாதிரி எழுத்துகள் வேற உருவத்துல தெரியும். போன்ல மொழி வரிசையில எளிமையாக்கின சீனத்தை ஜப்பானியத்துக்கு மேல வச்சுடுங்க, சரியாகிடும்.

நூறு தடவை எழுதினா ஏன் வரமாட்டேங்குது

ஒரு எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதும்போது என்ன நடக்குதுன்னு கவனிங்க. முதல் தடவை மாதிரியைப் பார்த்து எழுதுறீங்க. ரெண்டாவது தடவை பக்கத்துல இருக்கிறது நீங்க எழுதினது, கண்ணு அங்கதான் போகும். பத்தாவது தடவை வரும்போது மாதிரியையே மறந்தாச்சு, நீங்க உங்களையே காப்பி அடிக்கிறீங்க. முதல்ல இருந்த தப்பு பத்தாவதுல கொஞ்சம் பெருசாகி, நூறாவதுல கையில உறைஞ்சுடுது. உழைப்பு குறைச்சல்னு சொல்லவே முடியாது, ஆனா அவ்வளவு உழைப்பும் தப்பை மனப்பாடம் பண்ணத்தான் போகுது.

சீனாவுல இதுக்கு ஒரு பழைய வழிமுறை உண்டு, பிரஷ் எழுத்துக்கு வந்ததுதான், பேனாவுக்கும் அப்படியே பொருந்தும். முதல் படி, எழுதாம மாதிரியைப் படிக்கிறது. ரெண்டாவது, மெல்லிசுத் தாளை மேல வச்சு அதே கோட்டுல போறது. மூணாவது, பக்கத்துல வச்சுப் பார்த்து எழுதுறது.

இதுக்குக் கட்டம் போட்ட நோட்டு வேணும். ஒரு சதுரத்தை நடுவுல கூட்டல் குறியால நாலாப் பிரிச்சது தியன்ஸிகெ, கூடவே மூலைவிட்டமும் போட்டது மீஸிகெ. சாதா நோட்டுலயே ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுக்கலாம், கடையில தேடி அலைய வேண்டாம். கட்டம் எழுத்தை உள்ள அடைக்கிறதுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க, அளக்கிறதுக்குத்தான் முக்கியமா உதவும். எழுதுறதுக்கு முன்னாடி மாதிரியை வச்சுக் கேளுங்க: முதல் ஸ்ட்ரோக் நடுக்கோட்டுக்கு மேலயா கீழயா ஆரம்பிக்குது, தலைமை ஸ்ட்ரோக் எது, செங்குத்து நடு அச்சுல இருக்கா இல்ல தள்ளியிருக்கா, இடது உறுப்பு எவ்வளவு அகலம், மூணுல ஒண்ணா பாதியா, ரெண்டு உறுப்புல எது கீழ வரைக்கும் இறங்குது. இதைக் கேட்டு முடிக்கும்போதே பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

அப்புறம் ரெண்டு மூணு தடவை மேலயே வரைஞ்சுட்டு, பக்கத்துல ஒரு தடவை எழுதுங்க. நிறுத்துங்க. மாதிரியோட ஒப்பிட்டு ஒரே ஒரு தப்பைக் கண்டுபிடிங்க, பெருசா இருக்கிறதை, அதை மட்டும் சிவப்புப் பேனாவால குறிச்சுட்டு அடுத்த தடவை அதை மட்டும் திருத்துங்க. நாலஞ்சு தடவை போதும், வேற எழுத்துக்குப் போயிடுங்க. கண்ணுக்குப் பிடிபடலைன்னா மெல்லிசுத் தாள்ல எழுதி மாதிரி மேல வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, எங்க விலகுதுன்னு ஒளிக்கவே முடியாது. மலேசியாவுல சீனப் பள்ளியில படிக்கிற தமிழ்ப் பிள்ளைங்களுக்கு இந்தத் திருத்தத்தை டீச்சர் செஞ்சுடுவாங்க, பெரியவங்களாகித் தனியாப் படிக்கிறவங்க அந்த வேலையையும் தானே பண்ணிக்கணும், அதனாலதான் ஒப்பிடுற படியைத் தவிர்க்கவே கூடாது.

ஞாபகத்துக்கு இது உதவாதுங்கிறதையும் சொல்லிடறேன். மாதிரி பக்கத்துல இருக்கும்போது மூளை எதையும் நினைவுல இருந்து எடுக்கிறதே இல்ல. ஞாபகத்துக்கு வேற பயிற்சி, பின்யினை மட்டும் பார்த்துட்டு எழுத்தை எழுதுறது, இல்ல ஆடியோ கேட்டு எழுதுறது. அழகைப் பத்தி அப்ப கவலைப்படாதீங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணினா ரெண்டுமே அரைகுறையா நிக்கும்.

எத்தனை எழுத்து பழகணும்னு கேட்டா, 2021ல வந்த சீன மொழித் தர நிர்ணயத்துல படிக்கத் தெரிய வேண்டிய எழுத்து 3000, கையால எழுதத் தெரிய வேண்டியது 1200தான், அதுலயும் ஆரம்ப நிலைக்கு 300 மட்டும். அதனால படிக்கிற எல்லா எழுத்தையும் எழுதிப் பழகணும்னு பயப்பட வேண்டாம். அந்த 300ல அடிக்கடி வர்ற உறுப்புகள் எல்லாம் பெரும்பாலும் வந்துடும், அதுங்களைச் சரியா எழுதப் பழகிட்டா மத்த எழுத்துகளுக்கும் அது ஒத்தாசையா இருக்கும்.

பேனா பத்தி ஒரு வரி: வழுக்குற பால்பாயின்ட்டை விட, கொஞ்சம் பிடிமானம் இருக்கிற 0.5 ஜெல் பேனா நல்லது, வழவழப்பான தாள் வேண்டாம்.

வரியா எழுதும்போதும் வேகமா எழுதும்போதும்

கட்டத்துக்குள்ள அழகா வந்த எழுத்து கோடில்லாத தாள்ல அலங்கோலமா வர்றது சகஜம். ஒவ்வொரு எழுத்தோட நடுவும் ஒரே கற்பனைக் கோட்டுல வரணும், அடி இல்ல, நடு. ஸ்ட்ரோக் கம்மியான எழுத்தைக் கொஞ்சம் சின்னதா, நிறைய இருக்கிறதைக் கொஞ்சம் பெருசா எழுதினாத்தான் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாத் தெரியும், எல்லாத்தையும் கட்டம் முட்ட எழுதினா "வாய்" மாதிரி எழுத்து பூதாகரமா நிக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி, வரிக்கு வரி இடைவெளியை விடக் குறைவா இருக்கணும்.

வேகத்துக்கு வருவோம். சீனாக்காரங்க தினசரி எழுதுறது ஷிங்ஷூ, அதாவது ஸ்ட்ரோக்குகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓடுற எழுத்து. அதைப் பார்த்துட்டு ஆரம்பக்காரங்க காய்ஷூவை அவசரமாக் கிறுக்கினா அது ஷிங்ஷூ ஆகிடும்னு நினைக்கிறாங்க, ஆகாது. எந்த ஸ்ட்ரோக் எதோட ஒட்டும்கிறதுக்கு வழக்கம் இருக்குது, அந்த வழக்கம் ஸ்ட்ரோக் வரிசையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருது. உதாரணமா இடது பக்கம் வர்ற "தண்ணி" உறுப்பு மேல இருந்து கீழ ரெண்டு புள்ளி, அப்புறம் ஒரு ஏறுகோடு. ஷிங்ஷூவுல ரெண்டாவது புள்ளியும் ஏறுகோடும் சேர்ந்து ஒரே இழுப்பா வரும். வரிசை தப்பாப் பழகினவங்களுக்குப் பேனா தப்பான இடத்துல ஒட்டும், படிக்கிறவருக்கு அது வேற எழுத்தாவே தெரியலாம்.

இதுல சந்தோஷமான விஷயம் ஒண்ணு, 1956ல இருந்து சீனா கொண்டுவந்த எளிமையாக்கின எழுத்துகள்ல பலது ஏற்கனவே வேகமா எழுதுற வடிவத்துல இருந்து எடுத்ததுதான். "புத்தகம்", "கிழக்கு", "வண்டி" மூணும் அப்படி வந்தது, பேச்சைக் குறிக்கிற இடது பக்க உறுப்பும் அப்படித்தான் ரெண்டே ஸ்ட்ரோக்கா சுருங்கினது. அதனால நீங்க எளிமையாக்கின வடிவம் படிக்கிறவங்கன்னா, ஓடுற எழுத்தோட சில பழக்கங்கள் உங்க கையில இப்பவே இருக்குது. காய்ஷூல 300 எழுத்து நிதானமா நிக்க ஆரம்பிச்ச பிறகு "தண்ணி", "நடை", "கை", "மரம்"னு அடிக்கடி வர்ற உறுப்புகளை மட்டும் ஷிங்ஷூ வடிவத்துல பழகுங்க, ஒவ்வொரு எழுத்தா பழக வேண்டியதில்ல. கையால எழுதின மெனு கார்டையும் வாத்தியார் போர்டுல கிறுக்கினதையும் படிக்கிறதுக்கும் முதல்ல உதவப் போறது இந்த உறுப்புகள்தான்.